பட்டணத்துச் சிறுவனமும் கிராமப் புறம்போக்கும்

பட்டணவாசிகள் மரம் வைப்பதில் நமது மிராசுதாரர்கள் தெரிந்துகொள்ளத்தக்கது யாதுளதென்று சிலர் வினவக்கூடும். சென்னை நந்தனத்திலிருந்து அடையாற்றைக் கடந்து, தென்கரையிலுள்ள கோட்டூர்புரத்தைப் பார்வையிட்டோர் அவ்வாறு வினவார். அங்கே பொதுப்பணி இலாகாவுக்குரிய ஆற்றங்கரை நிலமொன்று குப்பைமேடாய்க் கிடந்தது. 2006-ஆம் வருஷம் முதல் ‘நிழல்’ என்னும் மரப் பாதுகாப்புச் சங்கத்தாரும் அக்கம்பக்கத்துக் குடிகளும் சேர்ந்து, குப்பையை அகற்றி, நாட்டு மரங்களை வைத்து, அதனை மரப்பூங்காவாக்கினர்.

அதே கோட்டூர்புரத்தில் 2020-இல் மாநகராட்சியார் 20,000 சதுர அடிக்கு மேற்பட்ட நிலத்தில் மியாவாக்கி முறைப்படி நெருக்கநடவு செய்தனர். ஜப்பான் தேசத்துத் தாவர சாஸ்திரியான அகிரா மியாவாக்கி (1928–2021) வகுத்த இம்முறையில், மண்ணை ஆழக் கிளறி எருவிட்டு, சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து வரை பலஜாதிக் கன்றுகளைக் கலந்து நடுவர். சூரியவெளிச்சத்திற்குப் போட்டியிட்டுக் கன்றுகள் விரைந்து உயரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பதினைந்தடி இடைவெளியில் ஒரு சென்டுக்கு இரண்டு மரமே கொள்ளும். இம்முறையிலோ ஒரு சென்டுக்குக் குறைந்தது 120 கன்றுகள் வேண்டும். அத்தனைக்கும் முதல் இரண்டு மூன்று கோடைகளில் தண்ணீர் விடவேண்டும். கிணற்று வசதியற்ற புறம்போக்கிற்கு நான் இதனைச் சிபாரிசு செய்யேன். பத்துச் சென்டில் செய்து பார்க்கலாம். எஞ்சிய நிலத்தில் அகல நடுவதே உசிதம்.

எம்முறையாயினும் நாட்டு ஜாதிகளையே தெரிந்தெடுத்தல் அவசியம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வீசிய வர்தா புயலில் சென்னை வீதிகளில் சாய்ந்தவற்றுள் மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி முதலிய அந்நிய மரங்கள் மிகுதி. மயிற்கொன்றையின் பூவழகில் மயங்கி நானும் பல கன்றுகளை விநியோகித்தவனே. நமது கடற்கரைப் பிரதேசத்தின் சொந்தக் காடு, வறட்சியிலும் இலையுதிராது நிற்கும் குட்டைக்காடு. கிண்டிக் காட்டில் அதன் எச்சத்தை இன்றும் காணலாம். வீரை, வெப்பாலை, காயா ஆகியவை மேட்டுநிலத்திற்கு ஏற்றவை. மருதும் புங்கும் நாவலும் கரையோரத்திற்கு. வீரைக்கன்று எளிதில் அகப்படாது, வளர்ச்சியும் மந்தம், அதற்காக அதனை விட்டுவிடலாகாது. வெளிவரிசையில் நொச்சியும் ஆடாதோடையும் வைத்தால் ஆடு வாய்வைக்காது என்பதை நமது குடியானவர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை.

பட்டணத்தில் நேரும் தொல்லை வேறு. சருகு கிடந்தால் அசுத்தமென்று கூட்டித் தீயிடுவோர் உண்டு. அச்சருகே மண்ணின் ஈரத்தைக் காத்து எருவாவது. கன்றடியில் அரையடி கனத்திற்குக் கிடக்கட்டும். பாம்பு வருமென்று அஞ்சுவோருக்காக நடைபாதையை மாத்திரம் சுத்தமாய் வைத்தால் போதும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியதொன்று: ஏரி, வாய்க்கால் இவற்றின் நீர்பரவும் பகுதியிலாவது மேய்ச்சல் நிலம் முழுவதிலுமாவது நடுதல் கூடாது. எல்லையை அளந்து, உத்தரவு பெற்று, புரட்டாசிக்குள் குழியெடுத்து, ஐப்பசியில் இரண்டு நல்ல மழை கண்டபின் நடுக. தை முதல் ஆனி வரை எந்தத் தெருவார் எந்தக் கிழமையில் நீர்விடுவரென்பதை, கன்று வாங்குமுன்னரே ஊர்க்கூட்டத்தில் எழுதி வைத்துக்கொள்க.