செவப்பா இருந்தா காரமா? மிளகாய் வாங்கும்போது ஏமாறாதீர்கள்!

காந்திகிராமம்:-

"அண்ணாச்சி, நல்ல செவப்பாப் பார்த்துக் குடுங்க. காரமா இருக்கணும்!"

திண்டுக்கல்-மதுரை ரோட்டில் காந்திகிராமம், சின்னாளபட்டி, அம்பாத்துரை பக்கம் உள்ள மளிகைக் கடைகளில் தினமும் கேட்கும் பேச்சு இது. எவ்வளவு சிவப்போ அவ்வளவு காரம் என்பது பலருடைய எண்ணம்.

ஆனால் சிவப்பு வேறு, காரம் வேறு. இரண்டையும் ஒன்று என்று நம்புவதால்தான் கைக்காசு போகிறது. சில நேரம் உடம்பும் கெடுகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

காரம் எங்கே இருக்கிறது?

மிளகாயில் காரம் தரும் பொருளின் பெயர் கேப்சைசின். இதற்கு நிறமே கிடையாது. சிவப்பு தரும் பொருள் கேப்சாந்தின். இதில் துளிகூட காரம் கிடையாது.

ஒரு மிளகாயில் முதல் பொருள் அதிகமாக இருக்கும். இன்னொன்றில் இரண்டாவது பொருள் அதிகமாக இருக்கும். அது சாதியைப் பொறுத்தது.

விதையில்தான் காரம் என்று சொல்வதும் சரியல்ல. மிளகாயைக் கீறினால், விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சவ்வு தெரியும். காரம் ஊறுவது அங்கேதான். விதை அதை ஒட்டி இருப்பதால் அதன் மேலும் காரம் படிகிறது.

இனிப்பு, புளிப்பு போல காரம் ஒரு ருசியும் அல்ல. அது ஒரு வலி! சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் "சுடுகிறது" என்று மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு வாசல் ஒன்று நம் உடம்பில் உள்ளது. கேப்சைசின் பட்டாலும் அதே வாசல் திறக்கிறது. அதனால்தான் சூடு இல்லாத மிளகாயைக் கடித்தாலும் "ஸ்... ஆ..." என்று வாய் எரிகிறது.

1997-ல் இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். இவருக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஆர்டெம் படபூட்டியன் என்ற இன்னொரு விஞ்ஞானி.

பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரியாது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டு நிம்மதியாகப் பறந்து போவதன் ரகசியம் இதுதான்.

சர்க்கரைத் தண்ணீரில் சோதனை

காரத்தை அளக்க முதலில் வழி சொன்னவர் வில்பர் ஸ்கோவில். அமெரிக்காவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். ஆண்டு 1912.

மிளகாயிலிருந்து காரச் சாறு எடுத்தார். அதில் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்தார். 5 பேரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னார். காரம் தெரியாமல் போகும் வரை மேலும் மேலும் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்துகொண்டே போனார்.

ஒரு பங்கு சாறுக்கு ஆயிரம் பங்கு தண்ணீர் தேவைப்பட்டால் காரம் ஆயிரம் யூனிட். இதற்கு "ஸ்கோவில் யூனிட்" என்று பெயர். இப்போது நாக்குக்கு வேலை இல்லை. கேப்சைசின் எவ்வளவு என்று எந்திரமே சொல்லிவிடுகிறது. ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை.

எதில் எவ்வளவு காரம்?

குடைமிளகாய்: காரம் பூஜ்யம்.

காஷ்மீரி: பார்த்தால் ரத்தச் சிவப்பு. காரமோ சுமார் ஆயிரம் முதல் 2 ஆயிரம் யூனிட் வரைதான்.

பேடகி: கர்நாடக மாநிலம் ஹாவேரி மாவட்டத்துச் சரக்கு. தோல் சுருங்கி இருக்கும். 2011-ல் புவிசார் குறியீடு பெற்றது. காரம் குறைவு, நிறம் தூக்கல். இதிலிருந்து எடுக்கும் சாயம் லிப்ஸ்டிக், நகப்பாலிஷ் வரை போகிறது.

குண்டு: ராமநாதபுரம் சீமையின் பெருமை. அங்கே "முண்டு" என்பார்கள். உருண்டையாக, தடித்த தோலுடன் இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் நடுத்தரம். எண்ணெயில் போட்டால் வாசம் தெருவைக் கூட்டும். தாளிக்க இதற்கு இணை இல்லை.

சம்பா: நீளமாக, ஒல்லியாக இருக்கும். சாத்தூர் சம்பா பெயர் பெற்றது. குழம்புப் பொடிக்கு ஏற்றது.

குண்டூர் சன்னம்: ஆந்திரச் சரக்கு. சுமார் 35 ஆயிரம் முதல் 40 ஆயிரம் யூனிட். காஷ்மீரியைவிட 17 மடங்குக்குக் குறையாத காரம்!

காந்தாரி: விரல் நுனி அளவுதான் இருக்கும். கேரளாவிலும் கன்னியாகுமரி பக்கமும் அதிகம். 50 ஆயிரம் முதல் ஒரு லட்சம் யூனிட் வரை போகும். இதில் பெரும்பாலும் சிவப்பே இருக்காது. வெள்ளையாகவும் பச்சையாகவும் இருக்கும்போதே உயிரை வாங்கிவிடும்!

ஒரே சாதியிலும் காரம் கூடும், குறையும். தண்ணீர் இல்லாமல் காய்ந்த செடியின் காயில் பொதுவாக காரம் அதிகம். அதனால் இந்தக் கணக்கெல்லாம் "சுமார்" கணக்குதான்.

உலகச் சாம்பியன்

அசாம், நாகாலாந்து பக்கம் விளைவது பூத் ஜொலோக்கியா. 2007-ல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அளவு 10 லட்சத்து 1,304 யூனிட்.

அந்தப் பட்டம் பிறகு கை மாறியது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் "பெப்பர் எக்ஸ்" 26 லட்சத்து 93 ஆயிரம் யூனிட்டுடன் பட்டத்தைத் தட்டிச் சென்றது. இதன் நிறம் என்ன தெரியுமா? சிவப்பு அல்ல. மஞ்சள் கலந்த பச்சை!

"மிளகாய்ப் பொடி தூவி நகை பறிப்பு" என்று செய்தி வருகிறதே, அந்தத் திருடர்கள் நம்புவதும் இந்த கேப்சைசினைத்தான். இதே காரத்தைக் கொண்டு கூட்டத்தைக் கலைக்கும் கையெறி குண்டை, பூத் ஜொலோக்கியாவிலிருந்து நமது ராணுவ ஆராய்ச்சித் துறை 2010-ல் தயாரித்தது.

கண்ணில் மிளகாய்ப் பொடி பட்டால் கசக்கக் கூடாது. நிறைய சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். எரிச்சல் நிற்காவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வாய் எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயன் இல்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால், தயிர், மோர்தான் மருந்து. மிளகாய் அரிந்த கையில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் எரிச்சல் அடங்கும்.

சாயம் வெளுக்கிறது!

"செவப்பா குடுங்க" என்று ஜனங்கள் கேட்பது கலப்படக்காரனுக்கு நன்றாகத் தெரியும். பழைய வற்றலையும் சோடை வற்றலையும் அரைக்கிறான். அது வெளுத்துப் போயிருக்கும். அதற்குச் சாயம் ஏற்றுகிறான். எடைக்குச் செங்கல் பொடி.

இப்படி ஏற்றும் சாயங்களில் ஒன்று "சூடான் சிவப்பு". மெழுகுக்கும் ஷூ பாலீசுக்கும் போடும் சாயம் இது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் புற்றுநோய் வந்தது.

இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொடியில் இந்தச் சாயம் இருந்தது 2003-ல் ஐரோப்பாவில் அம்பலமானது. 2005-ல் இங்கிலாந்தில் ஒரு சாஸில் இது இருப்பது தெரிந்தது. அந்த சாஸ் சேர்த்த 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து வாரி எடுத்தார்கள். அங்கே மட்டுமல்ல, நம் நாட்டிலும் மிளகாய்ப் பொடியில் எந்த செயற்கைச் சாயமும் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

ஒரு கிளாஸ் தண்ணீர் போதும்

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிளாஸ் தண்ணீரின் மேல் கொஞ்சம் மிளகாய்ப் பொடியைத் தூவ வேண்டும். கலக்கக் கூடாது. சிவப்பு நிறம் கோடு கோடாகக் கீழே இறங்கினால் செயற்கைச் சாயம் என்று சந்தேகப்படலாம். அடியில் தங்கிய வண்டலை விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் செங்கல் பொடி அல்லது மணல். வழவழவென்று சோப்பு போல இருந்தால் மாக்கல் பொடி.

ஒரு எச்சரிக்கை. சூடான் சாயம் எண்ணெயில் கரையும் ஜாதி. தண்ணீரில் சரியாகக் காட்டிக் கொடுக்காது. அதற்கு லேபாரட்டரி சோதனைதான் வழி.

இதைவிட நல்ல வழி, வற்றலாக வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் கண்ணெதிரே அரைத்துக்கொள்வது. நம் ஊர்ப்பக்கம் இன்றும் பல வீடுகளில் இதுதான் வழக்கம். 1947-ல் டாக்டர் சவுந்திரமும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, ஊருக்கு வேண்டியதை ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்பதுதான் பாடம். மிளகாய்ப் பொடிக்கும் அது பொருந்தும்.

நிறமும் வேண்டும், காரமும் வேண்டும் என்றால் சம்பாவுடன் கொஞ்சம் பேடகி சேர்த்து அரைக்கலாம். காரத்துக்கு சம்பா, சிவப்புக்கு பேடகி. சாயத்துக்கு வேலையே இல்லை.

வாங்குபவருக்கும் உரிமை உண்டு

2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு பலருக்குத் தெரியாது. அதிகாரி வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடையில் பொருளை வாங்கியவரே, கட்டணம் கட்டி அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டப்படி இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பாதுகாப்பற்ற உணவை விற்று அதனால் உயிர்ப்பலி நேர்ந்தால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது.

நேர்மையான கடைக்காரர்களுக்கு இதில் பயம் இல்லை. அவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை "செவப்பா குடுங்க அண்ணாச்சி" என்று யாராவது கேட்டால், "காரம் வேணுமாக்கா, கலர் வேணுமா?" என்று திருப்பிக் கேட்டாலே போதும். பாதி ஏமாற்று அங்கேயே ஒழிந்துவிடும்.