மலிவுக் கணினியும் இரட்டை இயக்கமும்

மலிவாகக் கிடைக்கும் பொருள்கள் இருவகைப்படும். செய்யும் முறை எளிதானமையால் விலை குறைந்தவை ஒருவகை. உள்ளே இருக்க வேண்டியதைக் குறைத்தமையால் விலை குறைந்தவை மற்றொரு வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இன்னது இன்ன வகை என்று அறிந்து வாங்குபவரே உண்மையில் மலிவாக வாங்கியவராவார். அயல் மாநிலங்களில் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு கணினி வாங்க முற்படும்போது, இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது.

கடைகளில் ‘டேப்லெட்’ என்று வழங்கும் பலகைக் கணினிகளுள், ‘ஒன்றின் விலைக்கு இரண்டு’ என்னும் கவர்ச்சியோடு விற்கப்படும் ஒருவகை உண்டு. விண்டோஸ், ஆண்ட்ராய்டு ஆகிய இரண்டு இயக்க முறைமைகளும் ஒரே கருவியில் அமைந்தவை அவை. புதியனவாக இன்று அரிதாகவே கிடைப்பினும், பழைய பொருள்களாக அவை இன்னும் கைமாறி வருகின்றன. அவற்றை வாங்கலாமா, முன்னரே வாங்கியவர் எங்ஙனம் பயன்படுத்துவது என்பனவே இங்கு நாம் காண வேண்டுவன.

முதற்கண், இயக்க முறைமை என்பது யாது? ஒரு சத்திரத்தை எண்ணிக்கொள்வோம். அறைகளும் அடுப்பும் விளக்கும் கிணறும் இருந்தால் மட்டும் சத்திரம் நடந்துவிடாது. வருவோர்க்கு அறை ஒதுக்கி, விளக்கேற்றச் சொல்லி, சமையலுக்கு அளந்து கொடுக்க ஒரு மணியக்காரர் வேண்டும். கணினியின் திரை, நினைவகம், மின்கலம் ஆகியவற்றைப் பங்கிட்டு வேலை வாங்கும் அந்த மணியக்காரரே இயக்க முறைமை. இரட்டை இயக்கக் கருவியில் மணியக்காரர் இருவர். ஆயினும் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்குவார். கருவியை இயக்கும்போது திரையில் இரண்டு சின்னங்கள் தோன்றும். எதைத் தொடுகிறோமோ அவர் ஆட்சி அன்றைக்கு. மற்றவரை அழைக்க வேண்டுமானால் கருவியை அணைத்து மீண்டும் எழுப்ப வேண்டும். இருவருக்கும் தனித்தனிப் பண்டக சாலை உண்டு. பண்டக சாலைக்கென்று இருந்த இடம் ஒன்றே. அதைத்தான் சுவரெழுப்பிப் பிரித்திருக்கிறார்கள். இச்சுவரை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

நிற்க. நம்மவர்க்கு வேண்டியது யாது என்பதை ஓர் ஊரை முன்வைத்துக் காண்போம். மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் சந்திக்கும் இடம் பாலாறு. பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997-ஆம் ஆண்டில் சாமராசநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கிய கொள்ளேகால் வட்டாரத்தைச் சார்ந்த பகுதி அது. அவ்வட்டாரமோ 1956 நவம்பர் 1-ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு இணையும் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எனவே, பிழைப்புக்காக எல்லையைக் கடந்து சென்றவர்களோடு, தாம் இருந்த இடத்திலேயே இருக்க எல்லை இடம்பெயர்ந்துபோன தமிழ்க் குடும்பங்களும் அங்குண்டு.

அத்தகைய வீட்டுப் பிள்ளை பள்ளியில் கன்னடம் பயில்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறது. உயர்கல்வி விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறது. காடும் மலையும் சூழ்ந்த ஊர்களில் அலைத்தொடர்பு எந்நேரமும் சீராக இருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆதலின் தொடர்பு கிடைக்கும் வேளையில் பாடநூல்களையும் பாடக் காட்சிகளையும் இறக்கி வைத்துக்கொண்டு பின்னர்ப் படிக்க வேண்டும். இதற்கு இன்றியமையாதது சேமிப்பிடம். மைசூரிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் குடும்பங்களுக்கும், மாதந்தோறும் இணையச் செலவை அளந்து செய்வதால், இத்தேவை பொருந்தும். இரட்டை இயக்கக் கருவி பங்கிட்டுக் குறைப்பதும் இச்சேமிப்பிடத்தையே.

இக்கருவிகள் எங்ஙனம் தோன்றின? பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளில் ஆர்ம் வகைச் செயலி இருக்கும். விண்டோஸோ நெடுங்காலமாக இன்டெல் வகைச் செயலிகளில் ஓடி வந்தது. இன்டெல் நிறுவனம் ‘ஆட்டம்’ என்னும் சிறு செயலிகளைப் பலகைக் கணினிகளுக்கென வெளியிட்டபோது, இரண்டு முறைமைகளும் ஒரே செயலியில் ஓட வழி பிறந்தது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனம், 9 அங்குலத்துக்கும் குறைந்த திரையுள்ள கருவிகளுக்கு விண்டோஸ் உரிமக் கட்டணம் இல்லையென்று அறிவித்தது. ஆண்ட்ராய்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. பிறகென்ன? சுவி, டெக்லாஸ்ட், ஒண்டா முதலிய சீன நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாக ஏற்றி மலிவாக விற்கலாயின.

நம் நாட்டு மைக்ரோமேக்ஸ் நிறுவனமும் 2014 சனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் பொருட்காட்சியில் ‘கேன்வாஸ் லேப்டேப்’ என்னும் இரட்டை இயக்கக் கருவியைக் காட்டியது; 2015-இல் அப்பெயரோடு கடைக்கு வந்த கருவியில் விண்டோஸ் மட்டுமே இருந்தது. அதே பொருட்காட்சியில் ஏசுஸ் நிறுவனம் காட்டிய கருவி கைவிடப்பட்டதற்கு மைக்ரோசாப்ட், கூகுள் ஆகிய இரு நிறுவனங்களின் விருப்பமின்மையே காரணமென்று செய்தித்தாள்கள் எழுதின. 2016-இல் இன்டெல்லும் இவ்வகைச் செயலிகளுக்கான தன் அடுத்த திட்டங்கள் சிலவற்றை நிறுத்திவிட்டது. ஆணிவேர் அற்றபின் கிளை எத்தனை நாள் தழைக்கும்?

இரட்டை இயக்கம் என்னும் கருத்தே தவறானது என்று கொள்ளலாகாது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் முறைமையும் அமைந்திருந்தது. அது நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற முறைமை. மடிக்கணினியின் வன்தட்டில் இடம் தாராளமாக இருந்தமையால் இருவரும் நெருக்கமின்றிக் குடியிருந்தனர். குறைந்த விலைக் கருவியின் கதை வேறு. 2011 அக்டோபர் 5-ஆம் நாள் புதுதில்லியில் வெளியிடப்பட்ட ‘ஆகாஷ்’ பலகைக் கணினியை மத்திய அரசு 2,276 ரூபாய்க்கு வாங்கியது. நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் மெதுவாக இயங்குகிறது, மின்கலம் விரைவில் தீர்கிறது என்ற குறைகள் எழுந்தன. ஒரே ஒரு முறைமைக்கே மலிவு விலையில் இத்துணை இடர்ப்பாடு இருந்ததென்றால், இரண்டை ஏற்றும்போது எத்துணைக் கவனம் வேண்டும்!

இனிக் கணக்கைப் பார்ப்போம். இவ்வகைக் கருவிகள் பலவற்றின் பெட்டியில் 32 ஜிபி சேமிப்பிடம் என்று அச்சிட்டிருக்கும். செய்வோர் ஆயிரத்தின் மடங்காகவும் கணினி 1,024-இன் மடங்காகவும் எண்ணுவதால், திரையில் அது ஏறத்தாழ 30-ஆகத் தோன்றும். விண்டோஸ் 10 தன் கோப்புகளுக்காக 15 ஜிபி அளவை எளிதில் எடுத்துக்கொள்ளும். மீதியில் ஒரு பங்கு சுவருக்கு அப்பால் ஆண்ட்ராய்டுக்கு. பிள்ளையின் பாடங்களுக்கென்று இருபுறமும் எஞ்சுவது சில ஜிபி மட்டுமே. விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்தால், அதை இறக்கி நிறுவவே அந்த இடம் போதாது, புதுப்பிப்பு தடைபடும். கருவி சோம்பிப்போயிற்று என்று வீட்டார் வருந்துவர். உண்மையில் அது மூச்சுவிட இடமின்றித் தவிக்கிறது. 2 ஜிபி நினைவகம் இவ்வாறு பங்கிடப்படுவதில்லை. விழித்திருக்கும் முறைமை அதை முழுமையாகப் பெறும். எனினும் விண்டோஸுக்கு அந்த முழுமையும் குறைவே.

இடநெருக்கடியைவிடக் கருத வேண்டியது ஆயுட்காலம். இணையத்தோடு தொடர்புகொள்ளும் கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கதவுக்குத் தாழ்ப்பாள் போன்றது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் அது ஏற்கும் செயலியும் வேண்டுமாதலின், இப்பழைய பலகைகள் அதற்கு மாற இயலாது. மறுபுறம், இவற்றுள் பலவற்றில் அமைந்த ஆண்ட்ராய்டு 4.4 என்னும் பதிப்பு 2013-இல் வெளிவந்தது. அதற்கான கூகுள் பிளே சேவையின் ஆதரவு 2023-இல் நின்றுவிட்டது. ஆக, சத்திரத்தின் இரு மணியக்காரர்களும் இன்று காவலற்றவர்கள். விற்பவர் ‘இரண்டு இருக்கிறது’ என்று சொல்லும்போது, ‘இரண்டும் எந்நாள் வரை புதுப்பிக்கப்படும்?’ என்று கேட்டறிவது வாங்குபவரின் கடமை.

முன்னரே வாங்கி வைத்திருப்போர் அதை வீசியெறிய வேண்டுவதில்லை. படிப்பதற்கும் கேட்பதற்கும் அது இன்னும் உதவும். ஆனால் வங்கிக் கணக்கு, கடவுச்சொற்கள் முதலியவற்றை அதில் வைத்தலாகாது. பாடநூல்களை இரு முறைமைகளும் காண வேண்டுமாயின் நினைவக அட்டையில் வைத்தல் நலம். சுவருக்கு அப்பாலுள்ள கோப்புகளை ஒன்றிலிருந்து மற்றொன்று எளிதில் காணமாட்டாது. அட்டையை இரண்டுக்கும் பொதுவான ஃபேட்32 முறையில் வடிவமைத்தால், தனிக்கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்டலாகாது என்பதை நினைவிற்கொள்க. சில கருவிகளில் முறைமை மாறும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்பின்னாகக் காட்டும். ஒன்று இந்திய நேரத்தையும் மற்றொன்று உலகப் பொது நேரத்தையும் அடிப்படையாகக் கொள்வதே காரணம். பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டா. புதுப்பிப்பு நடக்கும்போது மின்கலம் தீர விடலாகாது. இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: விண்டோஸைப் புதிதாக நிறுவித் தருவதாக ஒருவர் சொன்னால், சேமிப்பிடம் முழுவதையும் அழித்து நிறுவினால் ஆண்ட்ராய்டும் உடன் அழியும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுக.

இரண்டு மொழிகளுக்கு இரண்டு முறைமைகள் வேண்டுமன்றோ என்று சிலர் எண்ணுகின்றனர். அது வேண்டியதில்லை. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழும் கன்னடமும் தத்தம் இடத்தைப் பெற்றுள்ளன. ஒரே முறைமையில், ஒரே பக்கத்தில், தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் அடுத்தடுத்து எழுதலாம். நாள்தோறும் பல எழுத்துகளில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். அமைப்புப் பகுதியில் மொழியைச் சேர்த்து விசைப்பலகையைத் தேர்ந்தால் போதும். 1999-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையை ஓரிரு வாரங்களில் பழகிக்கொள்ளலாம். அதன்பின், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் பிள்ளையின் கைக்கெட்டும். பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலி வழியாக அயல் மாநிலத்திலிருந்தும் தமிழ் வானொலி நிலையங்களைக் கேட்கலாம்.

அங்ஙனமாயின் எதை வாங்குவது? வீட்டில் முன்னரே ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்குமாயின், அதே முறைமையை மற்றொரு கருவியில் பாதியிடம் கொடுத்து வைப்பதில் பயன் சிறிதே. பிள்ளை கட்டுரை எழுதவும் நிரல் பயிலவும் வேண்டுமாயின், நம்பகமான கடையில் செப்பனிட்டு விற்கப்படும் மடிக்கணினி மேலானது. விண்டோஸ் 11 வேண்டுவோர், இன்டெல் கோர் வகையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்ட செயலியா, 8 ஜிபி நினைவகம் உண்டா என்று பார்த்தல் நலம். அதனினும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் முறைமையைச் செலவின்றி நிறுவலாம். படிக்கவும் பாடம் காணவும் மட்டுமே வேண்டுமாயின், 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் நினைவக அட்டைக்கு இடமும் உள்ள, அண்மைப் பதிப்பு ஆண்ட்ராய்டுப் பலகை ஒன்று போதும். எதுவாயினும் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவுக்குறி, பற்றுச்சீட்டு, அருகிலுள்ள நகரில் பழுது நீக்கும் நிலையம் ஆகிய மூன்றையும் பார்த்தே வாங்குக. கடல் கடந்து அஞ்சலில் வரும் கருவிக்குப் பழுது நேர்ந்தால் அதைத் திருப்பி அனுப்பும் செலவே கருவியின் விலையை எட்டிவிடக்கூடும்.

எத்தனை முறைமைகள் என்று எண்ணி வாங்குவதினும், எத்தனை ஆண்டுகள் உழைக்கும், எவ்வளவு இடம் தரும் என்று அளந்து வாங்குவதே அறிவுடைமை. உழைத்துச் சேர்த்த பணம் ஒருமுறைதான் செலவாகும். வீட்டு மொழி, பள்ளி மொழி ஆகிய இரண்டுக்கும் இடம் கொடுத்து, பிள்ளை கல்லூரி செல்லும் வரை துணை நிற்கும் ஒரு கருவியில் அது செலவாகட்டும்.