ஜிம்முக்குள்ள போனதும் நேரா வெயிட் தூக்குறீங்களா? வார்ம்-அப் எப்படிப் பண்ணணும்?

காலை 6 மணிக்கு ஜிம், 9 மணிக்கு ஆபீஸ். இந்த அவசரத்தில் பலரும் முதலில் கைவிடுவது வார்ம்-அப்பைத்தான். 'வெயில்ல பைக் ஓட்டி வந்ததுலயே உடம்பு சூடாயிடுச்சு' என்பவர்களும் உண்டு. ஆனால் தோல் சூடாவது வேறு, தசை சூடாவது வேறு.

தசையின் வெப்பநிலை கொஞ்சம் கூடினால்தான் அது வேகமாகச் சுருங்கி விரியும். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவமும் அசைவு கொடுத்தால்தான் நன்றாகப் பரவும். அதற்கு 5 முதல் 10 நிமிடம் வேகமாக நடந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ போதும். லேசாக வியர்க்கணும், ஆனால் பேச முடியணும். பிறகு கைகளைச் சுழற்றுவது, வெயிட் இல்லாமல் 10 பஸ்கி எடுப்பது.

டிரெட்மில் மட்டும் போதுமா?

போதாது. 10 நிமிடம் ஓடிவிட்டு நேராக பெஞ்ச் பிரஸ்ஸில் படுத்தால், கால் தயார், தோள்பட்டை? அங்கேதான் பிரச்னை. எந்தப் பயிற்சியோ, அதையே குறைந்த எடையில் செய்துதான் ஏற வேண்டும்.

உதாரணமாக, 60 கிலோ தூக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் 20 கிலோ வெறும் ராடில் 10 முறை. அடுத்து 40 கிலோவில் 5 முறை. பிறகு 50 கிலோவில் 2 முறை. ஓரிரு நிமிடம் ஓய்வு, அப்புறம் 60. எடை ஏற ஏற எண்ணிக்கை குறையணும், இல்லாவிட்டால் வார்ம்-அப்பிலேயே களைத்துவிடுவீர்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்று வெறும் ராடைத் தூக்கக் கூச்சப்படுவதில் அர்த்தமே இல்லை. நேரம் இல்லையா? டிரெட்மில்லைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

ஸ்ட்ரெச்சிங் எப்போது?

ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், அந்தத் தசையின் பலம் சிறிது நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். அதனால் நீண்ட ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எப்போது நிறுத்தணும்?

வார்ம்-அப்பிலேயே மூட்டில் சுருக்கென்று குத்தினால், அன்றைக்கு அந்தப் பயிற்சி வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். 'கேஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டு அடுத்த செட்டுக்குப் போகாதீர்கள். பிபி, இதயப் பிரச்னைக்கு மாத்திரை எடுப்பவர்கள், எவ்வளவு எடை தூக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே ஜிம்மில் சேரணும்.