கொல்லிமலைப் பலாக்கன்னு கடற்கரையில ஏன் செத்துப்போச்சு?

இந்த எபிசோடு ஒரு செத்துப்போன பலாக்கன்னைப் பத்தினது. கொன்னது நான்தான்.

போன வருஷம் மே மாசம் நண்பர்களோட பைக்ல கொல்லிமலை போனேன். காரவள்ளியிலேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு. மேல போனா ரோட்டோரமா பலா, அன்னாசி, மலைவாழைன்னு வித்துக்கிட்டிருந்தாங்க. ஒரு பாட்டிகிட்ட பலாச்சுளை வாங்கித் தின்னேன். அப்படி ஒரு இனிப்பு! "இதோட கன்னு கிடைக்குமா பாட்டி?"ன்னு கேட்டேன். வீட்டுக்குப் பின்னாடி முளைச்சிருந்த ஒண்ணை மண்ணோட எடுத்துக் கொடுத்தாங்க. "தண்ணி நிக்காத இடமாப் பார்த்து வை சாமி"ன்னாங்க. நான் அதைக் காதுல வாங்கல.

சென்னையில ஈ.சி.ஆர். பக்கம் எங்க வீடு. மாடித் தண்ணி வந்து விழுற மூலையில கன்னை வெச்சேன். நவம்பர் மழையில அங்க அஞ்சு நாள் தண்ணி நின்னுச்சு. அப்புறம் இலை தொங்க ஆரம்பிச்சுது. வெயில் வந்ததும் வாடுதுன்னு நினைச்சு தினமும் ஒரு வாளி தண்ணி ஊத்தினேன். ரெண்டு வாரத்துல முடிஞ்சுபோச்சு. பிடுங்கிப் பார்த்தா வேர் கறுத்து, அழுகி நாறுது.

என்ன நடந்துச்சுன்னா, வேருக்கும் ஆக்சிஜன் வேணும். மண்துகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில காத்து இருக்கும். தண்ணி தேங்கினா அந்தக் காத்து வெளியேறிடும். மூச்சுமுட்டின வேர் அழுகும். அழுகின வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது. அதனால ஈரத்துல நின்னுக்கிட்டே செடி வாடும். நம்ம பாஷையில சொன்னா, எரர் மெசேஜ் 'தண்ணி இல்ல'ன்னு காட்டுது, ஆனா பக் தண்ணி அதிகமானதுதான். நான் மெசேஜை நம்பிட்டேன்.

முதல்ல நான் பழியை வெயில் மேல போட்டேன். கொல்லிமலை 1000 மீட்டருக்கு மேல இருக்கு. 1000 மீட்டர் ஏறினா சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஆனா பண்ருட்டியை யோசிச்சுப் பாருங்க. கடலூர் மாவட்டம், கொளுத்துற வெயில். பலாவுக்கே பேர் போன ஊர்! மலையில சரிவு, பண்ருட்டியில செம்மண். ரெண்டு இடத்துலயும் தண்ணி நிக்காம வடிஞ்சிடும். அதுதான் விஷயம்.

கடலோரத்துல இன்னும் ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, புயல். 2011 டிசம்பர் 30-ல 'தானே' புயல் அடிச்சப்போ பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏராளமா சாஞ்சுது. நெல்லு போனா அடுத்த போகம் இருக்கு. பலா போனா, புதுக்கன்னு காய்க்கவே பல வருஷம் ஆகும். அதனால மரத்தை ரொம்ப உயர விடாம கவாத்து பண்ணுங்க. இடம் இருந்தா கடல் பக்கமா சவுக்கு வரிசை வைங்க, காத்து வேகத்தைக் குறைக்கும்.

இன்னொண்ணு, உப்பு. போர் தண்ணி கரிக்குதுன்னா பலா, மா, எலுமிச்சை எல்லாம் கஷ்டப்படும், இலை ஓரம் கருகும். தென்னையும் சப்போட்டாவும் ஓரளவு தாங்கும்.

கன்னு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஒன்றரை அடி குழி வெட்டித் தண்ணி ஊத்துங்க. வடிஞ்சதும் மறுபடி நிரப்புங்க. மறுநாளும் தண்ணி நின்னா அங்க நேரா நடாதீங்க. மண்ணைக் குவிச்சு மேடாக்கி, அதுமேல நடுங்க.

நான் இப்போ ரெண்டடி மேட்டுல இன்னொரு பலாக்கன்னு வெச்சிருக்கேன். நவம்பர் மழை தாண்டட்டும், நிலவரம் சொல்றேன். உங்க வீட்டு மரக்கதையையும் அனுப்புங்க மக்களே. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!