பந்தலுக்குள் எத்தனை டிகிரி?

மாசி மாத நள்ளிரவு. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை நோக்கி ஈர மணலில் நடந்துகொண்டிருந்தோம். டிராக்டர் ஏறிப் போனது போல ஒரு தடம். பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட வந்து போயிருக்கிறது. உடன் வந்த தன்னார்வலர் கம்பியை மெல்ல இறக்கிப் பார்த்தார். மணல் இளகிய இடத்தில் கையால் தோண்டினார். முழங்கை மறைகிற ஆழத்தில் முட்டைகள், பிங்பாங் பந்து அளவில், வெள்ளை வெளேரென்று. மொத்தம் 114. ஒன்றைக்கூட உருட்டாமல் பையில் அடுக்கினார். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உள்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு புரட்டினால் செத்துவிடும். விடிவதற்குள் பொரிப்பகத்தில் குழி வெட்டிப் புதைத்தாக வேண்டும்.

இட்ட இடத்திலேயே முட்டையை விட்டுவிடுங்கள் என்பவர்களும் உண்டு. நாய்களும் விளக்கு வெளிச்சமும் நிறைந்த சென்னைக் கரையில் அது நடக்காது.

பொரிப்பகத்தைப் பொறுத்தவரை என் கவலை சூட்டைப் பற்றியது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பம். ஏறக்குறைய 29, 30 டிகிரியில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண்தான். இன்னும் ஏறினால் கரு தங்காது. 45 முதல் 60 நாள் வரையான அடைகாலத்தில், நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்கு நாட்கள்தான் இதைத் தீர்மானிக்கின்றன. கடற்கரையில் ஒரு கூடு அலையோரம் இருக்கும், இன்னொன்று அடும்புக்கொடி நிழலில் இருக்கும்; சூடும் இடத்துக்கு இடம் மாறும். நாமோ எல்லாவற்றையும் ஒரே வேலிக்குள், ஒரே ஓலைப் பந்தலின் கீழ் கொண்டுவந்து புதைக்கிறோம். அங்கே சூடு பிசகினால் அத்தனை கூட்டுக்கும் சேர்த்துப் பிசகும்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் முட்டையிடும் பச்சை ஆமைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண். அங்கே வேலியும் இல்லை, பந்தலும் இல்லை; வெயில் மட்டும்தான்.

குஞ்சின் வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பால் சொல்ல முடியாது. அது வளர்ந்து கரைக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். இந்தப் பங்குனியில் செய்த தவறு அப்போதுதான் தெரியவரும்.

பங்குனியில் ஒரு மதியம் அந்தப் பொரிப்பகத்துக்குப் போனேன். வெளியே மணலில் கால் வைக்க முடியவில்லை. குழிக்குக் குழி தேதியும் முட்டைக் கணக்கும் எழுதிய அட்டை. வெப்பமானி ஒன்றே ஒன்று. "மூலைக் குழியில வச்சிருக்கோம் சார்" என்று எடுத்துப் பார்த்தார் அங்கிருந்த இளைஞர். முப்பத்திரண்டு. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மேற்குப் பக்கம் ஓலை சரிந்து நாலைந்து குழிகள் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றும் பேசாமல் ஏணி எடுக்கப் போனார்.