தேரையும் கண்ணாடிப் பேழையும்

உடைத்த தேங்காயில் பருப்பு இல்லையெனில் அதனைத் ‘தேரை மோந்த காய்’ என்பர். குழந்தை மெலிந்தால் ‘தேரை விழுந்தது’ என்பர். மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அச்சிற்றுயிர் துடைப்பத்தால் அடிபட்டு இறப்பதற்கு இத்தகைய நம்பிக்கைகளும் காரணமாகும். காய் வெறுமையாவது மகரந்தச் சேர்க்கைக் குறைவு, சத்துக் குறைவு போன்றவற்றால். குழந்தை மெலிவது ஊட்டக்குறைவாலும் நோயாலும். இவ்விரண்டிலும் தேரைக்குப் பங்கு இல்லை. இவ்வுண்மையைச் சொல்வதினும், அவ்வுயிரையே சில நாள் கண்ணெதிரே காட்டுதல் மிகுந்த பயன் தரும்.

இயல்பு

சித்தூர்–திருப்பதிச் சாலையில் உள்ள புத்தலப்பட்டு முதலிய ஊர்களில் வீடுகளுக்கு வரும் தேரை, மரத்தவளை இனத்தைச் சேர்ந்தது. 1830ஆம் ஆண்டில் கிரே என்னும் ஆங்கில அறிஞர் இதனை விவரித்தார். இன்று இதன் அறிவியற் பெயர் பாலிபெடேட்டிஸ் மாக்குலேட்டஸ் என்பதாகும். விரல் நுனிகளிலுள்ள வட்டத் தட்டுகளால் இது வழுவழுப்பான சுவரிலும் ஏறும். வறண்ட காலத்தில் ஈரத்தையும், இரவில் விளக்கொளியை நாடும் பூச்சிகளையும் தேடியே வீட்டினுள் புகுகிறது. மழைக்காலத்தில் பெண் தவளை, தான் சுரக்கும் நீர்மத்தைக் கால்களால் அடித்து நுரையாக்கி, நீருக்கு மேலே கூடு அமைத்து அதில் முட்டையிடும். நுரையின் மேற்புறம் காய்ந்து, உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழும்.

பேழை அமைத்தல்

மரமேறும் உயிராதலின் பேழை அகலத்தினும் உயரம் மிகுந்ததாக இருத்தல் நன்று. அடியில் கூழாங்கல்லும், அதன்மேல் ஈரமான தென்னை நார்த்தூளும் பரப்புக. ஏறுவதற்கு இரண்டொரு கிளைகளும், ஒரு சிறு செடியும், ஆழமற்ற நீர்த்தட்டும் வைக்கவும். வாயைக் கொசுவலையால் மூடுக. வெயில் படும் இடத்தில் வைத்தல் ஆகாது. கண்ணாடிக்குள் வெப்பம் விரைவில் ஏறிவிடும். அசையும் இரையையே தவளை பற்றுமாதலின், உயிருள்ள சிறு பூச்சிகளை மாலையில் விடவும். மருந்து தெளித்த மாந்தோப்பிலிருந்து பூச்சி பிடித்தல் கூடாது.

தோலின் இயல்பு

தவளை தோலின் வழியாகவும் சுவாசிக்கிறது. நீரையும் தோலின் வழியே உறிஞ்சுகிறது. ஆகவே நீரில் கலந்த நஞ்சும் எளிதில் உட்புகும். குளோரின் கலந்த குழாய் நீரைத் தவிர்த்து, தூய மழைநீரோ கிணற்று நீரோ பயன்படுத்துக. சோப்பு, உப்பு, எண்ணெய் ஆகியன பட்ட கையால் தொடலாகாது. தொட நேரின் கையைத் தூய நீரில் நனைத்துத் தொட்டு, பின்னர் நன்கு கழுவிக் கொள்க. தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை, 1999இல் அறிவியலார் விவரித்ததாகும்; அது பல நாடுகளில் தவளை இனங்களை அழித்துள்ளது. தவளை வாணிபமும் அது பரவிய வழிகளுள் ஒன்று. எனவே கடையில் வாங்கிய அயல்நாட்டுத் தவளையை இதனுடன் சேர்த்தலும், வெளியில் விடுதலும் கூடா.

திரும்ப விடுதல்

பிடிக்குமுன் வனத்துறையினரைக் கேட்டறிதல் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டுள்ளது. அருகிலுள்ள சேஷாசலக் காடுகளிலிருந்து எவ்வுயிரையும் எடுத்தலாகாது. வீட்டுச் சுவரில் கண்ட ஒன்றை மூன்று நான்கு நாள் வைத்திருந்து, அந்திப் பொழுதில் எடுத்த இடத்திலேயே விடுக. இரவில் அது பூச்சியைப் பற்றி விழுங்குவதை ஒருமுறை கண்ட மாணவன், மறுநாள் துடைப்பத்தை ஓங்கும் கையைத் தானே தடுப்பான்.