கொழுந்து காத்திருக்காது! கென்யா சிறு விவசாயிகள் சொல்லும் சாலைக் கணக்கு

‘கென்யாவிலும் எங்களைப் போல அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை விவசாயிகள்தானே இருக்கிறார்கள்? அவர்கள் மட்டும் உலகச் சந்தையில் எப்படி நிற்கிறார்கள்?’ நீலகிரிப் பக்கத்து வாசகர்களிடம் பேசும்போதெல்லாம் வரும் கேள்வி இது. இதற்கான விடை பாதி தோட்டத்தில் இருக்கிறது. மீதி, தோட்டத்தைத் தாண்டிய சாலையிலும் சட்டைப் பையில் இருக்கும் செல்போனிலும் இருக்கிறது.

விவசாயிகளின் தொழிற்சாலை

உலகச் சந்தைக்கு அதிக அளவில் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் கென்யா முன்வரிசையில் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் சிறு விவசாயிகள் பறித்த கொழுந்து. 1964-ல் அரசு தொடங்கிய தேயிலை வளர்ச்சி அமைப்பு, 2000-ம் ஆண்டில் விவசாயிகள் கைக்கு மாறியது. இப்போது 6 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகள் அதன் தொழிற்சாலைகளுக்குப் பசுந்தேயிலை கொடுக்கிறார்கள். அவர்களே பங்குதாரர்கள். நம் நீலகிரியில் 1965-ல் உருவான இண்ட்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைகளைப் போன்ற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் கிலோவுக்கு ஒரு தொகை கிடைக்கும். ஆண்டுக் கடைசியில், தேயிலை விற்ற விலையைப் பொறுத்து ‘போனஸ்’ வரும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கூரை எல்லாம் அந்த போனஸை நம்பித்தான்.

கடைசி 5 கிலோமீட்டர்

பறித்த கொழுந்து சில மணி நேரத்தில் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். மூட்டையில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் தரம் போச்சு, விலையும் போச்சு.

கெரிச்சோ, நியேரி, கிசி போன்ற மலைப் பகுதிகளில் விவசாயிகள் கொழுந்தைச் சுமந்து வந்து கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறார்கள். அங்கிருந்து லாரி ஏற்றிப் போகிறது. தேயிலைக்கு மழை வேண்டும். ஆனால், அதே மழையில்தான் செம்மண் சாலை சேறாகி லாரி சிக்கிக்கொள்ளும். நல்ல விளைச்சல் இருக்கும் நாளில்தான் வண்டி வராது! உழைப்பு முழுக்க முடிந்த பிறகு, சில கிலோமீட்டர் சேற்றில் லாபம் கரைந்துவிடும்.

பெரிய ரயில், சின்னப் பலன்

கென்யாவில் ரயிலுக்குக் குறைவில்லை. மொம்பாசா துறைமுகத்தில் 1896-ல் தொடங்கிய ரயில் பாதை, 1901-ல் விக்டோரியா ஏரியைத் தொட்டது. அதைப் போட ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டு போனார்கள். சுமார் 2,500 பேர் உயிரிழந்தார்கள்.

2017-ல் சீனக் கடனில், மொம்பாசாவிலிருந்து தலைநகர் நைரோபி வரை புதிய பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. பயணிகளுக்கு வசதிதான். ஆனால், அந்தப் பாதை தேயிலை மலைகளுக்குப் போகவில்லை. கடனை நாடே அடைக்கிறது; கொழுந்து லாரி மண் சாலையிலேயே நிற்கிறது.

நம்ம ‘பைசா’

2007-ல் வந்த ‘எம்-பெசா’ வேறு கதை. ‘பெசா’ என்றால் சுவாஹிலி மொழியில் பணம். நம் ‘பைசா’தான் கடல் தாண்டி அப்படி ஆகியிருக்கிறது. சாதாரண பட்டன் போன் போதும். வங்கிக் கணக்கு வேண்டாம். பக்கத்து மளிகைக் கடை முகவரிடம் பணத்தைக் கொடுத்தால், ஊரில் இருப்பவரின் போனுக்குப் போய்விடும். முன்பெல்லாம் நகரத்தில் வேலை செய்யும் மகன், பஸ் டிரைவரிடம் கவரைக் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது கொழுந்து பறிக்கும் கூலி, உரக் கடை பாக்கி எல்லாம் போனிலேயே முடிகிறது.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 2012 முதல் போனிலேயே கடனும் கிடைக்கிறது. முதலில் வந்த திட்டத்தில் 30 நாள் கடனுக்கு 7.5 சதவிகிதக் கட்டணம். 1,000 வாங்கினால் மாதம் 75. அவசரத்துக்கு உதவும்; வழக்கமானால் போனஸையே விழுங்கிவிடும்.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை. ரிஃப்ட் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே இருக்கும் விவசாயிகளைவிட, மேற்கே இருப்பவர்களுக்கு போனஸ் குறைவு என்று கோபம் இருக்கிறது. தொழிற்சாலையில் பங்கு இருந்தாலும், கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

தேயிலை, பால், பூ, காய்கறி எதுவானாலும், உங்கள் தோட்டத்திலிருந்து தார்ச் சாலை வரை உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். மழைக் காலத்தில் எத்தனை நாள் வண்டி வரவில்லை, எத்தனை கிலோ வீணானது, எவ்வளவு ரூபாய் நஷ்டம் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பத்து வீட்டு நோட்டுகளைச் சேர்த்து, கிராம சபையில் மனுவாகக் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ‘ரோடு மோசம்’ என்று சொல்வதைவிட, ‘இந்தப் பாதையால் போன ஐப்பசியில் இத்தனை கிலோ போச்சு’ என்ற கணக்குக்கு வலு அதிகம்.

எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள். கேள்வி-பதில் பகுதியில் பேசுவோம்.